பிராட்வெல் சிற்றாலயத்தின் பக்கச் சுவர்களில் பெரிய வாசலை அடைத்த தடம் தெரிகிறதே, ஏன்?

அது வண்டி நுழைந்த வழி. இங்கிலாந்தின் எசெக்ஸ் கடலோரத்தில், 654 வாக்கில் செட் என்ற ஆயர் எழுப்பிய இந்தப் புனித பேதுரு ஆலயம் பின்னாளில் தானியக் களஞ்சியமானது. பாரவண்டி உள்ளே வரச் சுவரை உடைத்தார்கள். பிறகு புதுப்பிக்கையில் அடைத்தார்கள். 1920-இல் மறுபடி ஆலயமானது. களஞ்சியமாக உபயோகப்பட்டதால்தான் இடிபடாமல் தப்பியது என்றே சொல்லலாம்.

சுவரில் கற்களுக்கிடையே மெல்லிய சிவப்புச் செங்கற்களையும் பாருங்கள். அவை ரோமானியருடையவை. ஆலயம் நிற்பதே அவர்களது ஒத்தோனா கோட்டை மதில்மேல். சுற்றிலும் சதுப்பு நிலம், நல்ல கல் கிடைக்காது. இடிந்த கோட்டையே கல்குவாரி ஆனது.

கிழக்கே இருந்த அரைவட்டப் பீடப்பகுதி இப்போது இல்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து வயல்பாதையில் சுமார் 800 மீட்டர் நடை. மழை பெய்திருந்தால் சேற்றுக்கேற்ற காலணி அவசியம்.