கால்லயும் நாடி இருக்கு: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: அப்பாவுக்கு 58 வயசு, சின்ன வயசுலேர்ந்து பீடி. கொஞ்ச நாளா பஸ் ஸ்டாண்டுலேர்ந்து டீக்கடை வரைக்கும் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குதுன்னு நின்னுடுறார், ரெண்டு நிமிஷம் கழிச்சு திரும்ப நடக்குறார். நரம்புத் தளர்ச்சின்னு மாத்திரை குடுத்தாங்க, கேக்கல. இப்ப கட்டைவிரல்ல புண்ணு, ஓரம் கருக்குது, விரலை எடுக்கணுங்கிறாங்க. கால்ல ஸ்டென்ட் வைக்கலாம்னு ஒருத்தர் சொன்னார், அது ஹார்ட்டுக்குத்தானே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: நடந்தா பிடிக்குது, நின்னா விடுதுன்னு எழுதிட்டீங்க, பாதி வியாதி அதுலயே தெரிஞ்சுபோச்சு. முதுகுல நரம்பு நசுங்குனா நின்னா மட்டும் பத்தாது, உக்காரணும் இல்லன்னா குனியணும். நின்ன ரெண்டு நிமிஷத்துல விடுதுன்னா பெரும்பாலும் கெண்டைக்கால் சதைக்கு ரத்தம் பத்தலன்னு அர்த்தம், ஆர்ட்டரியில, அதாவது இதயத்துலேர்ந்து ரத்தம் கொண்டுவர்ற குழாயில, அடைப்பு.

இன்னைக்கு ராத்திரி அப்பாவை படுக்க வச்சு, கட்டைவிரலை மேல தூக்கச் சொல்லுங்க, பாதத்து மேல ஒரு நாண் விறைச்சு நிக்கும், அதுக்கு வெளிப்பக்கமா ரெண்டு விரலை மெதுவா வச்சு நாடி துடிக்குதான்னு பாருங்க (அமுக்காதீங்க, அமுக்கினா உங்க விரல் துடிப்புதான் தெரியும்), அப்புறம் உள்பக்க கணுக்கால் எலும்புக்குப் பின்னாடியும் அதே மாதிரி. முதல் இடத்து நாடி சிலருக்கு பிறவியிலயே கிடைக்காது, ஆனா ரெண்டு இடத்துலயும் இல்ல, பாதமும் சில்லுன்னு இருக்குன்னா நாளைக்கே வாஸ்குலர் சர்ஜன்கிட்ட (ரத்தக்குழாய் ஆபரேஷன் டாக்டர்) போங்க. அவர் கையில ஒரு பிரஷர், கணுக்கால்ல ஒரு பிரஷர் எடுத்து, கணுக்கால் பிரஷரை கை பிரஷரால வகுத்துப் பாப்பார், 0.9-க்கு கீழ போனா அடைப்பு. சுகர்காரங்களுக்கு குழாய் சுண்ணாம்பு படிஞ்சு கல்லு மாதிரி ஆயிருந்தா இந்தக் கணக்கு நல்லா இருக்குற மாதிரியே காட்டி ஏமாத்தும், அதனால ரத்த ஓட்டத்தைக் காட்டுற டாப்ளர் ஸ்கேனும் பாக்கணும்.

ரத்த ஓட்டம் பாக்காம விரலை மட்டும் எடுத்தா எடுத்த இடம் ஆறாது, அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால்னு மேல ஏறிக்கிட்டே போகும், இதை நான் பாத்துப் பாத்து சலிச்சாச்சு. முதல்ல தண்ணி விடணும், அப்புறம்தான் பாத்தியை கொத்தணும்.

ஸ்டென்ட் (குழாயை விரிச்சுப் பிடிக்கிற வலைக்கம்பிக் குழல்) ஹார்ட்டுக்குத்தானேன்னு கேட்டீங்க, உண்மையில குழாயை உள்ளயிருந்து விரிக்கிற வைத்தியம் ஆரம்பிச்சதே கால்லதான். 1964-ல அமெரிக்காவுல போர்ட்லண்ட்ல சார்லஸ் டாட்டர்னு ஒரு டாக்டர், விரல் அழுகி, காலை எடுக்க மாட்டேன்னு அடம்பிடிச்ச 82 வயசு பாட்டிக்கு தொடைக் குழாய்ல டியூபை விட்டு அடைப்பை விரிச்சார், கால் சூடாச்சு, புண்ணு ஆறுச்சு, பாட்டி சொந்தக் கால்லயே நடந்தாங்க. அடைப்பை விரிக்கிற பலூன் ஹார்ட்டுக்குப் போனது 1977-ல. அடைப்பு ரொம்ப நீளமா இருந்தா பைபாஸ், அதாவது அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாத்து வழி, அதுக்கு அப்பாவோட கால் வெயினையே (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோற குழாய்) எடுத்து வைப்போம், அதுல ரத்தம் மேல மட்டும் போற மாதிரி வால்வு இருக்குறதால தலைகீழா திருப்பி தைக்கணும்.

அதுவரைக்கும் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், வெறுங்கால் வேண்டாம், நீங்களே பிளேடு வைக்கவும் வேண்டாம். பீடியை மட்டும் விடாம மத்த எல்லாம் செஞ்சாலும் குழாய் திரும்ப அடைச்சுக்கும். திடீர்னு கால் வெளுத்து, ஜில்லுன்னு ஆகி, மரத்து வலிச்சா விடியட்டும்னு இருக்காதீங்க, அதுக்கு கையில 6 மணி நேரம்தான்.

கேள்வி: டீச்சர் வேலை, 20 வருஷமா நின்னுக்கிட்டே பாடம் எடுக்கறேன். கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு. ஆபரேஷன் கட்டாயமா? (வாசகி, ஈரோடு)

பதில்: நாமதான் நரம்புங்கறோம், சுருட்டிக்கிட்டது நரம்பே இல்ல, வெயின். உள்ள இருக்குற வால்வு பழுதாகி, மேல ஏற வேண்டிய ரத்தம் கீழயே தேங்குது. அரிப்பு, கணுக்கால் கிட்ட கருப்பு, புண்ணு எதுவும் இல்லன்னா அவசரம் இல்ல. டைட் சாக்ஸ் போடுங்க, காலையில கட்டில்லேர்ந்து இறங்குறதுக்கு முன்னாடியே போடணும், வீங்குனதுக்கப்புறம் மாட்டி பிரயோஜனம் இல்ல. ஆனா மேல சொன்ன ஆர்ட்டரி அடைப்பு இருந்தா அந்த சாக்ஸே கெடுதல், கேட்டுட்டு வாங்குங்க. எப்பவாவது உடைஞ்சு ரத்தம் வந்தா பயப்படாம படுத்து, காலை உயரத் தூக்கி, துணியால அமுக்குங்க, நின்னுறும். ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா அது வேற, உள் வெயின்ல ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அன்னைக்கே காட்டுங்க.

கேள்வி: நான் டெய்லர். ரத்தக்குழாயை எப்படி சார் தைக்கிறீங்க, நூல் வழியா ஒழுகாதா? (வாசகர், திருப்பூர்)

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்ததுலயே எனக்கு புடிச்ச கேள்வி! 1894-ல பிரான்ஸ் ஜனாதிபதி கார்னோ லியோன்ல கத்திக்குத்து பட்டு, அறுந்த குழாயை தைக்க அப்போ டாக்டர்களுக்குத் தெரியாததால செத்துப்போனார். அதே ஊர்ல இருந்த டாக்டர் அலெக்சிஸ் கேரல் எம்ப்ராய்டரி போடுற ஒரு அம்மாகிட்ட போய் தையல் கத்துக்கிட்டார், 1912-ல நோபலும் வாங்கினார். வட்டமான வாயை அப்படியே தைச்சா எதிர்ப்பக்கமும் ஊசியில மாட்டிக்கும், அதனால மூணு இடத்துல நூல் போட்டு இழுத்து முக்கோணமா ஆக்கிட்டார், ஒவ்வொரு பக்கமும் நேர்கோடு, உங்க சட்டை ஓரம் மாதிரி. நூல் தலைமுடி கனம்தான் இருக்கும். ஊசி போன ஓட்டையில கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், பஞ்சை வச்சு ரெண்டு மூணு நிமிஷம் பிடிச்சா ரத்தமே உறைஞ்சு அடைச்சுக்கும், துணிக்கு அந்த வசதி இல்ல பாருங்க.