திம்பம் ஏற்றத்தில் சூடாகும் பழைய மாருதி 800

வணக்கம்ங்க. பண்ணாரி தாண்டி திம்பம் ஏறும்போது முள் சிவப்பைத் தொடுகிறது, மெக்கானிக் தெர்மோஸ்டாட்டையே (எஞ்சின் சூடானதும் திறந்து, குளிர்விக்கும் திரவமான கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றிவிடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோலும் கூடும், தேய்மானமும் கூடும்.

பழுதான தெர்மோஸ்டாட்டை மாற்றுவது வீட்டிலேயே முடிகிற வேலைதான். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியில் கை வையுங்கள். கூலண்ட்டை வடித்துவிட்டு, மேல் ஹோஸ் எஞ்சினில் சேரும் இடத்து மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும். ஸ்பிரிங் எஞ்சின் பக்கம் பார்த்திருக்கும். புதியதையும் அப்படியே வையுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. பழையதை நூலில் கட்டி, அடிதொடாமல் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். நடுத்தட்டு மெல்ல விலகித் திறந்தால் அது நல்லதுதான். அப்படியானால் ஃபேனையும் ரேடியேட்டர் அடைப்பையும் பாருங்கள். கொதித்தும் அசையவில்லையா, குற்றவாளி அதுவேதான். புதியதையும் இப்படிப் பார்த்தே மாட்டுவேன்.

மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கூலண்ட் ஊற்றி, மூடி திறந்தபடியே எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழி நின்று மேல் ஹோஸ் சுடத் தொடங்கியதும், குறைந்ததை நிரப்பி மூடுங்கள்.