கோப்பைக் கணக்கும் ஆட்டக்காரரின் தரமும்

கேள்வி: பேஸ்பாலில் யோகி பெர்ரா 10 வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க மேஜர் லீக்கின் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) வென்றவர். டெட் வில்லியம்ஸ் ஒன்றுகூட வெல்லவில்லை. பெர்ராதானே பெரிய ஆட்டக்காரர்?

பதில்: பெர்ரா மாபெரும் கேட்சர்தான் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்), மூன்று முறை எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த வீரர்) விருது பெற்றவர். ஆனால் அதற்கு அந்தப் பத்துக் கோப்பைகள் சாட்சி அல்ல.

பேஸ்பாலில் பேட்டிங் வரிசை ஒன்பது பேர் கொண்டது. எவ்வளவு பெரிய ஆளானாலும் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு நான்கு, ஐந்து முறைதான் மட்டை பிடிக்கலாம். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்து வீச்சாளரான ஸ்டார்ட்டிங் பிட்சரோ வழக்கமாக ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வீசுவார். ஒரு சீசனில் ஒருவர், எளிதில் கிடைக்கும் மாற்று ஆட்டக்காரரைவிடக் கூடுதலாகப் பெற்றுத்தரும் வெற்றிகளை மதிப்பிடுவது ‘வார்’ கணக்கு. அதில் 10 எடுப்பதே அபூர்வம். 2016இல் மைக் டிரவுட் அந்த அளவுக்கு ஆடி எம்.வி.பி. ஆனார். அவருடைய ஏஞ்சல்ஸ் அணி வென்றதோ 162இல் 74 ஆட்டங்கள்தான்!

காலத்தையும் பாருங்கள். பெர்ரா கோப்பைகளைக் குவித்த ஆண்டுகளில் பெரும்பாலும் 16 அணிகளே இருந்தன. லீக்கில் முதலிடம் பிடித்தால் நேரே வேர்ல்ட் சீரிஸ். இன்று 30 அணிகள். 12 அணிகள் பிளேஆஃப் (வழக்கமான சீசனுக்குப் பின் நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள்) செல்கின்றன, மூன்று நான்கு சுற்றுகள் தாண்ட வேண்டும். அன்று வீரர்கள் விரும்பிய அணிக்கு மாறவும் முடியாது. வீரரை ஒரே அணியோடு பிணைக்கும் ரிசர்வ் விதி கட்டிப்போட்டிருந்தது. எர்னி பேங்க்ஸ் கப்ஸ் அணிக்காக 512 ஹோம் ரன் அடித்தும், ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வு பெற்றார்.

வில்லியம்ஸின் ஆன்-பேஸ் விகிதம் (மட்டை பிடித்தபோது அவுட் ஆகாமல் பேஸை எட்டிய பங்கு) .482. மேஜர் லீக் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். அவர் ஆடிய ஒரே வேர்ல்ட் சீரிஸில் (1946) 25 முறை மட்டை பிடித்து 5 ஹிட் மட்டுமே அடித்தார். ஒரு வாரச் சறுக்கல் அது. அதை வைத்து 19 சீசன்களை எடைபோடுவது அநியாயம்.

கேள்வி: அப்படியானால் பிளேஆஃப் ஆட்டத்தைக் கணக்கில் எடுக்கவே கூடாதா?

பதில்: தாராளமாக எடுங்கள். அணி வென்றதா என்று பார்க்காமல், அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 2002 வேர்ல்ட் சீரிஸில் ஜயண்ட்ஸ் அணியின் பாரி பாண்ட்ஸ் 4 ஹோம் ரன்னோடு .471 பேட்டிங் சராசரியில் அடித்தார். ஆறாவது ஆட்டத்தில் ஜயண்ட்ஸ் அணி 5-0 என்று முன்னிலையில் இருந்தும் 6-5 எனத் தோற்றது, ஏழாவதிலும் தோற்றது. பாண்ட்ஸ் இதற்கு மேல் என்ன செய்திருக்க முடியும்?

எத்தனை ஆட்டங்களின் கணக்கு என்பதும் முக்கியம். பத்து ஆட்டத்து எண்ணை நம்பாதீர்கள். பிட்சர் மரியானோ ரிவேரா பிளேஆஃபில் வீசியது 141 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் விட்டுக்கொடுக்கும் ரன்களின் சராசரி, குறைந்தால் நல்லது) 0.70. அவருடைய ஐந்து கோப்பைகளைவிட இந்த எண்ணே அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது.