தலைமையாசிரியரைப் பார்க்கும் முன் விடைத்தாளைப் பாருங்கள்

ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பிளஸ் டூ. அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் 90க்கு 71 வந்திருக்கிறது. 80 வரும் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தாள். கணித ஆசிரியைக்கும் அவளுக்கும் முன்பே ஏதோ மனத்தாங்கல். ஆகவே திங்கள்கிழமை காலை தலைமையாசிரியரைப் பார்த்து நியாயம் கேட்கப்போகிறீர்கள். எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்பது மதிப்பெண்ணும் எந்தெந்த வினாவில் போயின என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை.

பெற்றோர் கையெழுத்துக்காக விடைத்தாள் வீட்டுக்கு வந்திருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் திங்கள்கிழமைக்கு முன் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நானும் இப்படிக் கிளம்பிப் போனவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் கணிதத் தேர்வு எழுதிவிட்டு வந்து, "இரண்டு மதிப்பெண் வினாக்கள் ஏழும் சரி, பதினான்கும் வந்துவிடும்" என்றான். வந்தது பன்னிரண்டு. ஏழு விடைகளையும் நானே சரிபார்த்தேன், ஒன்றுகூடத் தவறில்லை. பெற்றோருக்கு ஆலோசனை சொல்பவன் என்ற மிடுக்கும் சேர்ந்துகொள்ள, அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ஆசிரியர் முன் போய் அமர்ந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வினாத்தாளை எடுத்து என் பக்கம் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். "எவையேனும் ஏழு வினாக்களுக்கு விடையளி, வினா எண் 30க்குக் கட்டாயமாக விடையளிக்க வேண்டும்." என் மகன் முப்பதாவதைத் தொடவே இல்லை. மற்ற ஒன்பதில் ஏழு எழுதியிருக்கிறான். கட்டாய வினாவின் இடம் காலி என்பதால் ஆறுதான் கணக்கில் சேரும். நான் விடைகளைச் சரிபார்த்தேனே தவிர, வினாத்தாளைப் படிக்கவில்லை. "சாப்பிட்டீர்களா சார்?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

எனவே வினாத்தாள், விடைத்தாள், பாடநூல் மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு மகளோடு உட்காருங்கள். மதிப்பெண்ணைப் பற்றி முதல் அரை மணி நேரம் பேச்சே வேண்டாம். முதல் பக்கத்து அட்டவணையில் இருக்கும் எண்களையும் உள்ளே விடைகளுக்கு அருகில் போட்டிருக்கும் எண்களையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பாருங்கள். உள்ளே நான்கு, வெளியே ஒன்று என்று ஏறியிருக்கும். வேகமாக எழுதினால் சிவப்பு மையில் 4 எப்போதும் 4 போலவே இருப்பதில்லை. அரை மதிப்பெண்கள் கூட்டலில் உதிர்ந்திருக்கும். இவை கூட்டல் பிழைகள். இவற்றைத் திருத்தித்தர எந்த ஆசிரியரும் முகம் சுளிப்பதில்லை.

அடுத்தது, திருத்தப்படாமலே போன விடை. இதில் பாதிக்கு மேல் மாணவர்களே தேடிக்கொள்வது. ஒரு மாணவியின் தாளைப் பார்த்தேன். ஐந்து மதிப்பெண் வினா ஒன்றைப் பாதி எழுதியிருக்கிறாள், இடம் தீர்ந்துவிட்டது. அடுத்த பக்கம் முழுவதும் பென்சிலில் உதவிக் கணக்கீடு. அதன் குறுக்கே பெரிய கோடு. மீதி விடை அதற்கும் அடுத்த பக்கத்தில், தலைப்பும் இல்லை, வினா எண்ணும் இல்லை. திருத்தியவர் கோடு போட்ட பக்கத்தோடு விடை முடிந்தது என்று நினைத்து இரண்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "தொடர்ச்சி பின்பக்கம்" என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் மூன்று மதிப்பெண் தப்பியிருக்கும். அவளைக் குறை சொல்வதா, அவரைக் குறை சொல்வதா? எனக்கு அதில் ஆர்வமில்லை. அந்தப் பக்கத்தில் சிவப்பு மை படவே இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. காட்டிக் கேட்டால் போதும்.

சரியான விடைக்குத் தவறு என்று குறியிட்டிருந்தால் பாடநூல்தான் சாட்சி. பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வழக்கமான முறைக்கு மாறாக வேறு வழியில் போட்டிருந்தால் கொஞ்சம் சிக்கல். விடை சரியாக வந்தாலும், இடையில் எந்தப் படியைத் தாண்டினாள் என்று பார்க்க வேண்டும்.

கடைசி வகைதான் வீடுகளில் அதிகம் புகைச்சலைக் கிளப்புவது. "ஐந்துக்கு மூன்றரைதான் போட்டிருக்கிறார், நாலரை போட்டிருக்கலாம்." இது பெரும்பாலும் பிழையே அல்ல. விடைக்குறிப்பில் சூத்திரத்துக்கு இவ்வளவு, பிரதியிடலுக்கு இவ்வளவு, விடைக்கு இவ்வளவு என்று பிரித்துத்தான் மதிப்பெண் வரும். இயற்பியலில் அலகு எழுதாவிட்டால் அரை போகும். பொதுத்தேர்விலும் இதே கணக்குதான். பள்ளியில் கெஞ்சி வாங்கும் அந்த ஒரு மதிப்பெண், மார்ச் மாதத்தில் அவளுக்கு எந்த உதவியும் செய்யாது. எந்தப் படியில் போயிற்று என்று தெரிந்துகொண்டால் உதவும்.

இப்படிப் பிரித்த பிறகு உங்கள் ஒன்பதில் எத்தனை மிஞ்சும் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் வந்த பல குடும்பங்களில் பாதிக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் மிஞ்சியது உறுதியாக நின்றிருக்கிறது.

அதை யார் போய்க் கேட்பது? மகள். நீங்கள் அல்ல.

"அவளுக்குப் பயம் சார், பேசமாட்டாள்" என்பீர்கள். பதினேழு வயதில் தன் விடைத்தாளைப் பற்றித் தன் ஆசிரியையிடம் இரண்டு வாக்கியம் பேச முடியாதவள், அடுத்த ஆண்டு கல்லூரி அலுவலகத்தில் தன் பெயர்ப் பிழையைத் திருத்தச் சொல்லி எப்படிக் கேட்பாள்? அங்கேயும் நீங்கள்தான் போய் நிற்பீர்களா? வீட்டில் ஒருமுறை பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பு நடுவில், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்கக் கூடாது. அங்கே யாரும் தவறை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். நீங்களும் நானும்கூட அலுவலகத்தில் ஒப்புக்கொள்வதில்லை. மதிய இடைவேளையிலோ பள்ளி விடும் நேரத்திலோ, "மிஸ், ஐந்து நிமிடம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போகட்டும். "ஏன் குறைத்தீர்கள்?" என்ற கேள்வி வேண்டாம். "மிஸ், 43ஆவது வினாவின் தொடர்ச்சி இந்தப் பக்கத்தில் இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று பக்கத்தைத் திறந்து காட்டட்டும். மூன்று இடங்களுக்கு மேல் எடுத்துப் போக வேண்டாம். பன்னிரண்டு இடங்களில் துண்டுச் சீட்டு செருகிய விடைத்தாளைப் பார்த்தால் எந்த ஆசிரியருக்கும் அது வழக்குக் கட்டாகத்தான் தெரியும்.

ஆசிரியை பார்த்துவிட்டு, "இதற்கு இவ்வளவுதான்" என்றால், "எது எழுதியிருந்தால் முழுதாகக் கிடைக்கும் மிஸ்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வரட்டும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கூட்டிப் பார்க்கும்போது மதிப்பெண் அதிகமாகப் போட்டிருப்பது தெரிந்தால்? தெரியும், அதுவும் நடக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டு கூடுதல், நான்கு குறைவு என்று இரண்டையும் காட்டிய ஒரு மாணவனுக்கு அதற்குப் பிறகு அந்த ஆசிரியரிடம் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வீட்டில் அப்பா "கூடுதலைச் சொல்லாதே" என்று கண்ணைக் காட்டினால், பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்வது கணிதம் அல்ல.

மனத்தாங்கல் விஷயத்துக்கு வருகிறேன். இருக்கலாம். ஆசிரியர்களும் மனிதர்கள். ஆனால் "உங்களுக்கு என் மகளைப் பிடிக்கவில்லை" என்பதை எந்தத் தலைமையாசிரியர் அறையிலும் உங்களால் மெய்ப்பிக்க முடியாது. திருத்தாமல் விட்ட பக்கத்தைக் காட்ட முடியும். காட்ட முடிந்ததை மட்டும் பேசுங்கள். விடைத்தாளைப் படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அந்த ஆசிரியைதான் இன்னும் இரண்டு மாதங்களுக்கு அவளுக்குத் திருப்புதல் தேர்வு வைக்கப்போகிறவர்.

நீங்கள் போக வேண்டிய நேரமும் உண்டு. மகள் இரண்டு முறை கேட்டும் விடைத்தாளை வாங்கிப் பார்க்கக்கூட மறுத்தால், கேட்டதற்காக வகுப்பில் அவமானப்படுத்தினால், அகமதிப்பீட்டிலோ செய்முறைத் தேர்விலோ கைவைப்பதாக மிரட்டினால் போங்கள். அப்போதும் முதலில் பாட ஆசிரியை, பிறகு வகுப்பாசிரியர், அதன் பிறகே தலைமையாசிரியர். நேரே மேலே ஏறினால், தலைமையாசிரியர் உங்கள் எதிரில் ஒன்றும் உங்களை அனுப்பிவிட்டு ஒன்றும் சொல்வார். அவருக்கும் வேறு வழியில்லை.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், மே மாதத்தில் உங்களுக்கு இதே வேலை வேறு வடிவில் வரலாம். பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்துபவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. அவருக்கும் இவளைத் தெரியாது. ஒருவர் திருத்தியதை இன்னொருவர் கூர்ந்தாய்வு செய்தாலும் பிழை தப்பிவிடுவதுண்டு. உயிரியலில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனி விடைத்தாள், தனித்தனி ஆசிரியர்; அங்கே கூடுதல் கவனம் தேவை.

முடிவு வந்ததும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தரும். பலர் அந்தப் பதற்றத்தில் மறுகூட்டல் போதும் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். மறுகூட்டல் என்றால் கூட்டல்தான்; விடையை யாரும் மறுபடி படித்துத் திருத்தமாட்டார்கள். அப்படி மறுபடி திருத்துவது மறுமதிப்பீடு; அது வேண்டுமென்றால் முதலில் விடைத்தாள் நகல் வாங்கியிருக்க வேண்டும். எனவே என் பரிந்துரை எப்போதும் நகல்தான். அண்மை ஆண்டுகளில் நகலுக்குப் பாடத்துக்கு 275 ரூபாய், மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாய். உயிரியல் தவிர மற்ற பாடங்களின் மறுகூட்டலுக்கு 205 ரூபாய். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்; அதிலுள்ள எண் இல்லாமல் நகலைப் பதிவிறக்க முடியாது. நகல் கையில் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை மேசையில் செய்த அதே வேலை. அதைப் படித்துச் சொல்லச் சரியான ஆள் யார் தெரியுமா? நீங்கள் திங்கள்கிழமை புகார் சொல்லப் போகிற அதே கணித ஆசிரியைதான்.

மறுமதிப்பீட்டு முடிவில் மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண் மட்டும்தான் பட்டியலில் வரும். உங்கள் எண் இல்லையென்றால் மாற்றமில்லை என்று பொருள். இணையதளம் பழுது என்று அலைய வேண்டாம். முடிவுக்காகப் பொறியியல் கலந்தாய்வுப் பதிவை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். 200க்கான கட்-ஆஃபில் கணிதத்தின் ஒரு மதிப்பெண் அப்படியே ஒன்று. இயற்பியல், வேதியியலில் ஒன்று என்பது அரை. பணம் கட்டும் முன் எந்தப் பாடத்தில் சந்தேகம் என்பதோடு இதையும் சேர்த்து யோசியுங்கள்.

"கேட்பது எங்கள் உரிமை இல்லையா?" என்று கடிதத்தின் முடிவில் கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. எழுதிய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்கலாம் என்று 2011இல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் விதியில் இடமில்லாதபோது மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று 1984இல் மகாராஷ்டிர வாரிய வழக்கிலேயே அந்த நீதிமன்றம் சொல்லியிருந்தது; அது மாறவில்லை. பார்ப்பது உரிமை. மாற்றுவது விதிப்படி.

மாற்றம் மேல்நோக்கித்தான் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. சிபிஎஸ்இ விதியில் ஒரு மதிப்பெண் குறைந்தாலும் குறைந்ததுதான். 2024 நீட் தேர்வில் ஒரு இயற்பியல் வினாவுக்கு, பழைய பாடநூலை நம்பி எழுதியவர்களுக்காக இரண்டு விடைகளையும் ஏற்றிருந்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், டெல்லி ஐஐடி வல்லுநர்கள் ஒரு விடைதான் சரி என்று சொன்னதும், மற்றதை எழுதியிருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கிடைத்த நான்கும் போய், தவறான விடைக்கான ஒன்றும் கழிந்து, ஐந்து ஐந்தாகக் குறைந்தது.

திங்கள்கிழமை விடுப்புக் கேட்டிருந்தால் ரத்து செய்துவிடுங்கள். ஞாயிறு உட்கார்ந்து பார்த்ததில் எத்தனை இடங்கள் மிஞ்சின, செவ்வாய்க்கிழமை ஆசிரியை என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். கடிதத்தை மகளையே எழுதச் சொன்னால் இன்னும் மகிழ்வேன்.