பழைய மாஸிக்கு எந்த டயர்?
வணக்கம் அண்ணா. குடியாத்தம் பக்கம் மாந்தோப்பில் புல் வெட்டும் பழைய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டருக்கு, பின் டயர் 12.4-28 அளவில் பட்டன் டயரா (தடித்த ரப்பர் கட்டைகள் துருத்தி நிற்பது), புல்தரை டயரா (மேடு குறைந்தது) என்று கேட்டிருந்தீர்கள்.

பாதி தேய்ந்த பட்டன் டயரே போதும். ஆழமான புதுப் பட்டன் உழவுக்கானது. புல்லில் வண்டியைத் திருப்பும்போது மண்ணைக் கிளறிவிடும். புல்தரை டயர் தரையைக் கெடுக்காது, ஆனால் ஐப்பசி மழை ஈரத்தில் வழுக்கும். அதற்கு ரிம் அகலமும் பொருந்த வேண்டும்.

பழைய டயரில் பக்கவாட்டு வெடிப்பு இருந்தால் எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். உழவுக்காக எடை கூட்ட டயருக்குள் தண்ணீர் ஏற்றியிருந்தால், சமதரைத் தோப்புதானே, இறக்கிவிடுங்கள். எடை குறைந்தால் மண் அவ்வளவாக இறுகாது. அப்புறம், வேலிகாத்தான் முள்ளைப் பொறுக்கிவிட்டு வெட்டுங்கள். டயர் கழற்றும்போது வால்வு ஓட்டையைச் சுற்றி ரிம் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.