ஹார்லன் பிளாக்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்க மரீன்கள் (கடல்வழிப் போருக்கான படையினர்) கொடி நட்ட புகைப்படத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வலது ஓரத்தில் குனிந்து கம்பத்தின் அடியை ஊன்றுபவர் ஹார்லன் பிளாக் என்றும், ஆறு நாளில் இறந்துவிட்டார் என்றும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். இருபது வயதில் இறந்த அவர், கொடி நட்டதைத் தவிர வேறு என்ன செய்தார்? ஒரு படத்தில் இருந்ததற்காக மட்டும் ஒருவரை வீரர் என்று கொண்டாடுவது சரியா?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

படத்தில் இருந்ததற்காகக் கொண்டாட வேண்டியதில்லை. 1945 பிப்ரவரி 23 அன்று காலையிலேயே சுரிபாச்சி மலையுச்சியில் ஒரு சிறிய கொடி ஏற்றியாகிவிட்டது. அதை எடுத்துவிட்டுப் பெரிய கொடியாக ஏற்றச் சொல்லி மேலதிகாரி உத்தரவிட்டார். சார்ஜென்ட் மைக்கேல் ஸ்ட்ராங்க் தலைமையில் தொலைபேசிக் கம்பி இழுத்துக்கொண்டு மலையேறிய நான்கு பேரில் ஒருவர் ஹார்லன். அங்கே கிடந்த ஒரு தண்ணீர்க் குழாயில் கொடியைக் கட்டி ஊன்றினார்கள். பத்திரிகைப் புகைப்படக்காரர் ஜோ ரோசந்தால் அதைப் படமெடுத்தார். அவர்களுக்கு அது அன்றைய வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

ஹார்லனின் சேவை அதற்கு இரண்டு வருடம் முன்பே தொடங்கிவிட்டது. 1924 நவம்பரில் டெக்சாஸில் பிறந்தவர். குடும்பம் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் உள்ள வெஸ்லகோ என்ற ஊரில் குடியேறியது. அப்பா விவசாயி, முதல் உலகப் போரில் இருந்தவர். அம்மா பெல், செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்; ஆயுதம் ஏந்துவதை ஏற்காத சபை அது. பையன் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பேர் வாங்கியவன். 1943 தொடக்கத்தில் அணித் தோழர்களோடு சேர்ந்து மரீன் படையில் சேர்ந்தான். அந்த அம்மாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாராசூட் பயிற்சி எடுத்தார். ஆனால் மரீன் பாராசூட் படை போரில் ஒரு முறைகூட விமானத்திலிருந்து குதித்ததில்லை. பசிபிக் கடலில் உள்ள பூகன்வில் தீவின் சேற்றுக்காட்டில் காலாட்படையாகத்தான் சண்டையிட்டார்கள். அந்தப் படைப்பிரிவு கலைக்கப்பட்டதும் புதிதாக அமைந்த 5ஆவது மரீன் டிவிஷனுக்கு வந்தார். அங்கிருந்து இவோ ஜிமா.

எனக்கு முக்கியமாகப் படுவது மார்ச் 1. தீவின் வடபகுதியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஸ்ட்ராங்க் குண்டு விழுந்து இறந்தார். அது அமெரிக்கக் கப்பலிலிருந்து வந்த குண்டு என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. அடுத்த நிலையில் இருந்த கார்ப்பரல் ஹார்லன் அந்தச் சிறு குழுவின் பொறுப்பை எடுத்துக்கொண்டார். சில மணி நேரத்தில் மோர்டார் குண்டில் அவரும் இறந்தார். தலைவர் கண்முன் செத்துக் கிடக்கும்போது, மற்றவர்களை நகர்த்திக்கொண்டு போகும் வேலையை இருபது வயதில் ஏற்றுக்கொண்டவர். நான் அவரை வீரர் என்று சொல்வது இந்தச் சில மணி நேரத்துக்காக. இதைப் படமெடுக்க யாரும் அங்கே இல்லை.

இனி படத்துக்கு வருகிறேன். பத்திரிகையில் அதைப் பார்த்ததுமே பெல் அது தன் மகன் என்று சொல்லிவிட்டார். முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். வீட்டில் யாரும் நம்பவில்லை. அப்புறம் மரீன் படை வெளியிட்ட பெயர்ப் பட்டியலில் அந்த இடத்தில் ஹாங்க் ஹான்சன் என்ற வேறொரு மரீனின் பெயர் இருந்தது. அம்மா அசையவில்லை.

படத்தில் இருந்த இன்னொருவரான ஐரா ஹேய்ஸுக்கு உண்மை தெரியும். அரிசோனாவைச் சேர்ந்த பீமா பழங்குடி இளைஞர். தவறு என்று ஓர் அதிகாரியிடம் சொன்னார். பட்டியல் வெளியாகிவிட்டது, பேசாமல் இரு என்று பதில் வந்தது. போர் முடிந்து 1946இல் ஐரா, வழியில் வந்த வண்டிகளில் இடம் கேட்டு ஏறி, டெக்சாஸ் வரை போய் ஹார்லனின் அப்பாவைக் கண்டு விஷயத்தைச் சொன்னார். அதன் பிறகு பெல் தன் தொகுதி காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதினார். விசாரணை நடந்து 1947 ஜனவரியில் ஹார்லனின் பெயர் ஏற்கப்பட்டது. ஐராவின் பிற்காலத்துக் குடிப்பழக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறைய. செத்துப்போன நண்பனுக்காக அவர் போன இந்தப் பயணத்தை முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதில் இன்னொரு தாய் இருக்கிறார். ஹான்சனும் அதே மார்ச் 1 அன்றுதான் இறந்தார். அந்தப் படத்தில் இருப்பது தன் மகன் என்று இரண்டு வருடம் நம்பிய அவருக்கு, இல்லை என்று அரசு தெரிவிக்க வேண்டியிருந்தது. ஹான்சன் அன்று காலை முதல் கொடி ஏற்றியபோது அங்கே இருந்தவர். அவருடைய சேவையில் ஒரு குறையும் இல்லை. தவறு பட்டியல் போட்டவர்களுடையது. அந்தத் தவறுகள் 1947உடன் முடியவும் இல்லை. 2016இலும் 2019இலும் மேலும் இரண்டு பெயர்களைத் திருத்தினார்கள்.

ஹார்லனின் உடலை 1949இல் தீவிலிருந்து கொண்டுவந்து வெஸ்லகோவில் அடக்கம் செய்தார்கள். 1995இல் அங்கிருந்து எடுத்து, ஹார்லிங்கன் நகரில் உள்ள மரீன் ராணுவப் பள்ளியில் மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

ஜப்பானியர்களை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. அந்தத் தீவைக் காத்து நின்ற சுமார் 21,000 பேரில் பெரும்பாலோர் அங்கேயே இறந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் இன்னும் கிடைக்கவில்லை. ஜப்பான் இன்றும் ஆள் அனுப்பித் தோண்டிக்கொண்டிருக்கிறது. அவர்களிலும் இருபது வயதுப் பையன்கள் உண்டு, காத்திருந்த அம்மாக்கள் உண்டு.

ஸ்ட்ராங்க் இன்றைய ஸ்லோவாக்கியாவில் ஒரு கிராமத்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்தவர். பையன்கள் அவர் சொன்னால் எங்கும் போவார்கள் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.