பேரிடருக்குப் பின் நீண்டகாலம் தொடரும் கிறிஸ்தவ சமூக நலவாழ்வுப் பணிக்கு எப்படித் துணைநிற்பது?

முதல் அலை உதவி ஓய்ந்த பிறகு எங்கள் சபை என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்துக்காட்டாக, கரீபியன் நாடான ஹெய்ட்டியில் நிலநடுக்கம் 2010 ஜனவரி 12 அன்று நேர்ந்தது. காலரா பரவத் தொடங்கியதோ அதே ஆண்டு அக்டோபரில். ஏற்கெனவே நொடிந்துபோயிருந்த நாட்டில் அப்போது பெரிதும் தேவைப்பட்டவர்கள், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்து, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு எப்படிப் புகட்டுவது என்று தாயின் அருகில் உட்கார்ந்து காட்டித்தரும் உள்ளூர் நலவாழ்வுப் பணியாளர்களே.

ஆகவே, பேரிடருக்கு முன்பே அவ்விடத்தில் வேரூன்றி, மக்களின் மொழியும் நம்பிக்கையும் பெற்ற ஊழியத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை பெருந்தொகை அனுப்புவதைவிட, மூன்று ஆண்டுகளாவது மாதந்தோறும் தவறாமல் கொடுப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் பணியாளரின் ஊதியம், பயிற்சி, பயணச்செலவு ஆகியவற்றுக்குத்தான் நன்கொடை கிடைப்பது அரிது. மருந்துகளைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். வந்துசேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலாவதி மீதமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல்.

இன்னொன்றையும் கேட்டுத் தெளியுங்கள்: சிகிச்சை மதம் பாராமல் கிடைக்கிறதா? உதவியைச் சமயக் கருத்தைப் பரப்பும் கருவியாக்கக் கூடாது என்று பேரிடர் நிவாரண அமைப்புகளுக்கான 1994ஆம் ஆண்டின் செஞ்சிலுவை நடத்தை நெறிமுறை கூறுகிறது. வேற்றினத்தானுக்கு இரங்கி உதவியவனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையை வாசிக்கும் சபைக்கு அது புதிய நிபந்தனையன்று. பணியாளர்களுக்காகப் பெயர்சொல்லி ஜெபியுங்கள். அவர்களுள் பலர் தாங்களும் வீடிழந்தவர்களே என்பதால், அவர்களின் ஓய்வுக்கும் மனநல ஆலோசனைக்கும் தனியே ஒரு தொகை ஒதுக்குங்கள்.